நிற்க வேண்டிய பக்கம்

புறவாசலில் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார் பாக்கியசீலன் வாத்தியார். காலடியில் ஒரு எலுமிச்சங்காய். குடையின் வளைந்த பிடியால் அதை அடிக்க வேண்டும். எத்தனையோ தடவை வீசியாயிற்று. கோழிகள்தான் சிதறி ஓடின, காய் இருந்த இடத்தில் இருந்தது.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சாரம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்ன, பாம்பா?"

"பாம்புமில்ல பல்லியுமில்ல. நீ உள்ள போ."

"பாம்பா இருந்தா இந்நேரம் உங்களக் கொத்திட்டுப் போயிருக்கும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும், இது துரைமார் ஆட்டம் என்று! மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்துகிற வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் சனிக்கிழமை சாயங்காலங்களில் பாளையங்கோட்டை மைதானத்தில் கோல்ப் ஆடுவார். நுனி வளைந்த கோலால் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடித்து அடித்து, எங்கோ தூரத்தில் இருக்கும் குழிக்குள் தள்ள வேண்டும். ஆடுவதற்கு நாலு பேர். அதில் ஒரு இஞ்சினியர் துரை விடுப்பில் சீமைக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஐயர் கூப்பிட்டது பாக்கியசீலனை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு வயிறு எரிந்தது. "இனிமே உம்ம கண்ணுக்கு நாங்கள்லாம் தெரிவமா, வே?" என்று நேசையா வாத்தியார் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

ஐயர் ஒருநாள் ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். அவர் வீசினால் கோல் முதுகைச் சுற்றிக்கொண்டு பிடரி வரை போய் வரும். கூட ஆடுகிற டாக்டர் துரையின் வீச்சு வேறு, இடுப்புக்கு மேல் ஏறாது, வெட்டு வெட்டென்று இறங்கும். பாக்கியசீலன் இரண்டையும் வீசிப் பார்த்தார். முதலாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் மண் பறந்து அவர் வாய்க்குள்ளேயே விழுந்தது. "உமக்கு எந்த வீச்சு பொருந்தும் என்பதை உம்முடைய சரீரமே உமக்கு அறிவிக்கும், வாத்தியாரே" என்றார் ஐயர், பிரசங்கத் தமிழில்.

சரீரம் அன்றைக்கே, இந்தப் புறவாசலில் அறிவித்தது. மனைவி உள்ளே போனதும், அலுத்துப்போய் நின்றவர் என்ன நினைத்தாரோ, எலுமிச்சங்காயின் அந்தப் பக்கம் போய் நின்று, கையை மாற்றிப் பிடித்து, இடது பக்கத்திலிருந்து ஒரு வீசு வீசினார். காய் சுவரைத் தாண்டிப் பறந்து அடுத்த வீட்டுக் கூரையில் விழுந்து உருண்டது. வாத்தியாருக்கு முகம் செத்துப்போயிற்று. யாரும் பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். திருடனுக்குக்கூட அப்படி நெஞ்சு அடித்திருக்காது.

காரணம் இருந்தது. அவர் கையெழுத்து வாத்தியார். இடது கையால் எழுதுகிற பிள்ளைகளை அவர் அடிப்பதில்லை, கட்டிப்போடுவார். பழைய வேட்டியைக் கிழித்த துணி நாடாக்கள் அவர் மேசையில் எப்போதும் கிடக்கும். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, அரைஞாண் கயிற்றோடு சேர்த்து ஒரு முடிச்சு. தன் ஒரே மகள் சாலோமியையும் அவர் விட்டுவைக்கவில்லை. சிலேட்டு எடுத்தாலும் சோற்றில் உட்கார்ந்தாலும் அவளே நாடாவை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்ட வேண்டும். அழுதால், "ஏட்டி, நியாயத்தீர்ப்பு நாளையில இடது பக்கம் யாரு நிப்பா? நரகத்துக்குப் போற வெள்ளாடு. நீ வெள்ளாடா?" என்பார். தன் கையையும் தன் அப்பா இப்படித்தான் கட்டினார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கை என்றோ செத்துவிட்டது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். கோயில் சபையார் பாதி வந்திருந்தார்கள். சாரம்மாள் கிறிஸ்துமஸ் சேலையைக் கட்டிக்கொண்டு சாலோமியின் கையைப் பிடித்தபடி முன்னால் நின்றாள். எல்லாருக்கும் முன்னால் வலது கையாக நின்று வீசினார் பாக்கியசீலன். பந்து அசையவில்லை. மறுபடி வீசினார். புழுதிதான் கிளம்பியது. பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர்கள் பொத்தாமலே சிரித்தார்கள். காதுமடல் இரண்டும் தீயாய்க் காந்த, பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றார்.

ஐயருக்கு இரக்கம் வந்துவிட்டது. சீமைக்குப் போன இஞ்சினியர் விட்டுப் போயிருந்த கோல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "அவர் இடக்கைக்காரர். இதையும் பரீட்சித்துப் பாரும்." எந்தக் கூச்சமும் இல்லாமல் அதைச் சொன்னார். வெள்ளைக்காரனுக்கு எந்தக் கையும் கைதான் போலிருக்கிறது.

வேண்டாம் என்றிருக்கலாம். பின்னால் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. வாங்கினார். உடம்பு தானாகத் திரும்பி நின்றது. வீசினார். பந்து மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைத் தாண்டி, ரோட்டோர வேப்பமரங்கள் வரைக்கும் போய் விழுந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. "இதுவே உம்முடைய வீச்சு!" என்று ஐயர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பாக்கியசீலனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பிறந்ததிலிருந்து கோணலாய் நின்றவன் அன்றைக்குத்தான் நேராய் நின்றதுபோல் இருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினார். சாலோமி மட்டும் கை தட்டவில்லை. அம்மா பிடியிலிருந்து தன் இடது கையை உருவி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் கோலை அவர் தொடவில்லை. வலது கைக் கோலையே கேட்டு வாங்கி, ஆட்டம் முடிகிற வரைக்கும் மண்ணை அடித்துக்கொண்டிருந்தார். ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன், வாத்தியாரே?" என்று கேட்டதற்கு, "அது தப்பித் தவறிப் பட்டது, ஐயரே" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. வீடு வருகிறவரை சாலோமி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஏதாவது கேட்டுவிட்டால் நல்லது என்றிருந்தது அவருக்கு. கேட்டுவிடுவாளோ என்றும் பயமாக இருந்தது.

விளக்கு வைத்து, ஜெபம் முடிந்து, சாப்பிட உட்கார்ந்தார்கள். சாரம்மாள் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்புச் சட்டியை இறக்கினாள். சாலோமி உள்ளே போய் வந்தாள். வழக்கம்போல் நாடா கொண்டுவந்திருந்தாள். இரண்டு நாடா.

"இது எனக்கு. இது உங்களுக்கு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இருக்கும், கோபமாவது இருக்கும் என்று தேடினார். இரண்டும் இல்லை. கூட்டாளி ஒருத்தர் கிடைத்துவிட்ட ஆறுதல்தான் இருந்தது.

"நீங்களும் வெள்ளாடுதானாப்பா? எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றாள். "கையக் காட்டுங்க. நான் பையத்தான் கட்டுவேன். உங்கள மாதிரி இறுக்க மாட்டேன்."

குழம்பு அகப்பையோடு சாரம்மாள் அப்படியே நின்றாள். பாக்கியசீலன் இடது கையை நீட்டினார். சாலோமி நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். இன்னும் கட்டப்படாத அவளுடைய இடது கை, மணிக்கட்டில் பழைய நாடாத் தடத்தோடு, அவர் கையைச் சுற்றி வந்து சுறுசுறுப்பாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.