ஐஸ் மெஷின் ஓடும் நேரத்து ஆட்டம்

1

"மூணு செவ்வாக்கெழமையா வர்றேன். இன்னிக்காவது உள்ள வுடுங்க."

"இன்னா பேச்சு இது? பஸ் ஏறி வந்தவங்க எல்லாரையும் —"

"எல்லாரும் இல்ல, நான் ஒருத்தி —"

"— சேத்துக்கினா அப்பால இது திருவிழா ஆயிடும். நாங்க எம்பத்தொண்ணுல ஆரம்பிச்சப்போ —"

"எம்பத்தொண்ணுல எனக்குப் பதினாலு வயசு. அது என் தப்பா?"

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான்: பாதியிலிருந்து, என் வீட்டுப் பின்கதவு வழியாக. 1984-இல் ஒரு பகல் பொழுது. ஆண்குரல் தருமலிங்கத்துடையது, ஏரி மீனவன், வயது இருபத்தைந்து. பெண்குரல் திருப்பாலைவனத்து நெல் விவசாயி மகள் சாந்தியுடையது. கதைகள் என் காதில்தான் விழும், கண்ணில் படுவதில்லை. சாந்தி சிவப்பா, மாநிறமா என்று கேட்காதீர்கள். 'வுடுங்க' என்று சொல்லும்போது அவள் கெஞ்சவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

'பழவேற்காடு ஏரியின் மேல் பூநாரைகள் கூட்டமாக இறங்கிய அந்த —' நிறுத்திவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பூநாரையில்தான் தொடங்குகிறார்கள். பூநாரைக்கும் நான் சொல்லப்போகிற டிஸ்கோ ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

'ஒரு தலைமறைவு இயக்கம் எங்கள் தெருவில் —' இதையும் அடித்துவிட்டேன். படிக்கிறவர்கள் போலீஸை எதிர்பார்ப்பார்கள். போலீஸ் வரவில்லை.

ஆகவே நடந்ததையே சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு அடுத்தது பழைய உப்புக் கிடங்கு. இரண்டுக்கும் ஒரே சுவர். கிடங்குக்கு அந்தப் பக்கம் இறாலுக்கு ஐஸ் உடைக்கும் இடம். கப்பலில் வேலை பார்த்த அப்துல் லத்தீப் சிங்கப்பூரிலிருந்து ஒரு ரிதம் பாக்ஸ் வாங்கி வந்தான். பொத்தானை அமுக்கினால் ஆள் இல்லாமலே தாளம் போடும். கூடவே ஒரு பெட்டி கேசட். முழுக்க மெஷின் வாசிக்கிற இசை. லத்தீப், தருமலிங்கம், கௌஸ் மைதீன், இன்னும் மூன்று பேர், ஆக ஆறு பேர், லாரி பேட்டரியில் அதை ஓடவிட்டு ஆடினார்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்தால் கூட்டம் போட்டுவிடுவார்கள். அதனால் ரகசியம். ராத்திரியில் ஆடினால் சத்தம் ஏரித் தண்ணீர் மேலேயே லைட்ஹவுஸ் குப்பம் வரை போய்விடும். அதனால் பகல் இரண்டு மணி. அப்போது ஐஸ் மெஷின் ஓடத் தொடங்கும். அது ஓடுகிற முக்கால் மணி நேரம் கிடங்குக்குள் மலையே இடிந்து விழுந்தாலும் தெருவுக்குக் கேட்காது. எனக்கு மட்டும் கேட்கும். சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்ட ஓட்டை என் சமையல்கட்டுக்குள் திறந்திருந்தது.

(உலகத்திலேயே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடிய ஒரே தலைமறைவு ஆட்டக் கூட்டம் இதுவாகத்தான் இருக்கும். நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை.)

3

இந்த இடத்தில் ஏரிச் சங்கதி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏரியில் வலை போடும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். யாருக்கு என்றைக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவர் வலை விரித்த இடத்தில் இன்னொருவர் விரிக்கக் கூடாது. புதிதாக ஒருவர் சேர வேண்டும் என்றால் அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், பட்டியலில் இருப்பவர்களும் சம்மதிக்க வேண்டும். சண்டையில்லாமல் வயிறு நிறைவதற்கான ஏற்பாடு. அதை நான் கேலி செய்யமாட்டேன்.

தருமலிங்கம் அதைத் தூக்கிக்கொண்டு உப்புக் கிடங்குக்குள் வந்தான் பாருங்கள், அதைத்தான் கேலி செய்கிறேன்.

"ஓட்டுல ஓட்டை கீதே, அதுக்குக் கீழதான் காத்து வருது. அதான் நல்ல எடம். எல்லாரும் அங்கயே வந்து ஆடினா எப்படி? பாடு வச்சிப்போம். ஒரு செவ்வாக்கு ஒருத்தன்."

"மத்தவங்க இன்னா பண்றது?" இது கௌஸ் மைதீன்.

"முறை வர்ற வரைக்கும் குந்தினு பாக்குறது."

ஆக, ஆடுவதற்கென்று கூடிய ஆறு பேரில் ஐந்து பேர் மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒழுங்காக, சண்டையில்லாமல்.

கல்யாண நிபந்தனையை மட்டும் தருமலிங்கம் விட்டுவிட்டான், அவனுக்கே ஆகியிருக்கவில்லை. அதற்குப் பதில் இப்படி வைத்தான்: சேர விரும்புகிறவர் முதல் கேசட்டைக் கேட்டிருக்க வேண்டும்.*

* முதல் கேசட் 1982-லேயே உப்புக் காற்றில் கெட்டுப்போனது. லத்தீப் அதன் நாடாவில் மாமரத்துக் கிளையை இழுத்துக் கட்டியிருந்தான்.

"அது கேசட்டு. இப்ப வர்றதெல்லாம் இன்னா கேசட்டு?" என்று இருபத்தைந்து வயதுக் கிழவன் பெருமூச்சு விடுவது என் காதில் எத்தனையோ முறை விழுந்திருக்கிறது.

4

சாந்தியின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவளுக்கு ஒரு கனவு கொடுத்திருந்தேன், மேடை, விளக்கு, கைதட்டல் என்று. எழுதி முடிப்பதற்குள் அவள் குரல் குறுக்கே வந்துவிட்டது.

"கனவெல்லாம் இல்லக்கா. கால் சும்மா இருக்க மாட்டேங்குது. அவ்ளோதான்."

இதை அவள் உண்மையிலேயே சொன்னாள். அன்று துரத்தப்பட்டதும் என் பின்கதவில் வந்து தண்ணீர் கேட்டாள். செவ்வாய்தோறும் பழவேற்காட்டில் தையல் வகுப்பு. வகுப்பு முடிந்த கையோடு கிடங்குக் கதவு.

"இன்னும் ரெண்டு செவ்வாதான்க்கா கிளாஸ். அப்புறம் எங்கப்பா பஸ் ஏற வுட மாட்டாரு. பொண்ணு பாக்க வர்றாங்க."

"தருமு இன்னா சொன்னான்?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டாலும் சீட்டுல பேரு ஏறி முறை வர தை மாசம் ஆகும்னாரு. தை மாசம் நான் எந்த ஊர்ல இருப்பேனோ."

அப்போது ஐஸ் மெஷின் ஓடத் தொடங்கியது. சுவர் ஓட்டை வழியாகத் தாளம் இறங்கியது. அவள் தண்ணீரைக் கீழே வைத்தாள்.

"இங்க நல்லா கேக்குதேக்கா."

"மூணு வருஷமா கேக்குது."

"நீங்க ஆட மாட்டீங்களா?"

"நான் அரிசி களைவேன்."

"அதத் தாளத்துக்குக் களைங்களேன்."

[களைந்தேனா இல்லையா என்பது கதைக்குத் தேவையில்லை.]

அம்மிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே அவள் ஆடினாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பாதச் சத்தம் மட்டும் கேட்டது. நல்ல சத்தம். அடுத்த செவ்வாய் வரும்போது தையல் வகுப்பிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டி வந்தாள், லட்சுமியும் பவுனம்மாளும். இரண்டு பேருக்கும் பதினாலு வயசு இருக்கும். மூன்று பேரும் ஒன்றாக ஆடினார்கள். முறையாவது ஒன்றாவது. என் இரண்டு பித்தளைச் சொம்புகள் நசுங்கின.

5

கிடங்கில் உட்கார்ந்திருந்த ஐந்து பேருக்கும் அது கேட்டுவிட்டது.

"தருமு, அந்தப் பக்கம் நெறைய கால் கீது போல."

"மூடு, கௌஸு. லத்தீப் முறை நடக்குது."

"எனக்குத் தாகமா இருக்கு. அக்தர் அக்கா வூட்ல தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

அக்தர் அக்கா நான்தான். அன்று கௌஸ் மைதீன் நாலு தடவை தண்ணீர் குடித்தான். அவன் பின்னாலேயே தருமலிங்கமும் வந்துவிட்டான்.

"அக்தர் அக்கா, இது நாயமா? எங்க எடத்துல பொறக்குற மியூசிக்கை நீங்க இந்தப் பக்கமா வலை கட்டிப் புடிச்சிக்கினு கீறீங்க."

"செவுரு என்னோடது தருமு."

"சத்தம் எங்களுது."

"அப்போ கூட்டிக்கினு போயேன். ஓட்டைய நான் அடைக்கல."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லத்தீப்பின் குரல் வந்தது. ஆடிக்கொண்டே பேசியதால் மூச்சு வாங்கியது.

"சேத்துக்க தருமு. அடுத்த மாசம் நான் கப்பலுக்குப் போயிடுவேன். கௌஸும் துபாய் போறான். பொட்டிய அமுக்கக்கூட ஆள் இருக்காது. நீ தனியா குந்தினு உன் முறைக்குக் காத்துக்கினு இருப்பியா?"

தருமலிங்கம் கிடங்குக்குத் திரும்பி நடந்தான். மூன்று பேரையும் சேர்த்துக்கொள்ளத்தான் யோசிக்கிறான் என்று நினைத்தேன். அவன் யோசித்தது வேறு என்று அடுத்த செவ்வாய்தான் தெரிந்தது.

6

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: சாந்தி உள்ளே போகிறாள். மூன்று வருஷம் கழித்து அதே கதவில் நின்று, யாரோ ஒரு சின்னப் பெண்ணிடம், "நாங்க எம்பத்துநாலுல ஆரம்பிச்சப்போ —" என்கிறாள். நான் நம்பத் தயார். ஆனால் அவளைக் காட்டிக்கொடுப்பதாக இருக்கிறது.

இரண்டு: கிடங்குக்குள் கூப்பிட்டும் சாந்தி மறுத்துவிட்டு என் சமையல்கட்டுக்கே வருகிறாள். உங்களுக்குப் பிடிக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகம். அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு செவ்வாய்; காற்று வரும் அந்த நடு இடத்தில் ஒரு முறையாவது ஆட வேண்டும் என்று அவள் ஐந்து வாரமாக பஸ் ஏறியிருக்கிறாள்.

மூன்று: எல்லாரும் எல்லாரோடும் சேர்ந்து, ஊர்ப் பெரியவர்களும் வந்து கைதட்டி — இதை எழுதிய தாளில் கருவாடு மடித்துக் கொடுத்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது கடைசிச் செவ்வாய் அன்று கிடங்குக் கதவில் நடந்த பேச்சு. அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும், பின்கதவிலேயே நின்றிருந்தேன். நாற்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. கேட்டதை அப்படியே தருகிறேன், ஒரு வரி குறைத்து.

"சாந்தி, உம் பேரை எழுதியாச்சு. ஏழாவது பேரு. மொத கேசட்டு பேச்ச வுட்டுட்டோம். கௌஸு அவன் முறையை உனக்கு வுட்டுட்டான். இன்னிக்கே ஆடலாம்."

"நெசமாவா?"

"நெசம்தான். ஆனா ஏழோட மூடிட்டோம். உன் பின்னாடி நிக்குதுங்களே ரெண்டு, அதுங்கள நீயே அனுப்பிடு. நாங்க சொன்னா நல்லா இருக்காது. நீ சொன்னா கேக்கும்ங்க."

"அதுங்களும் பஸ்லதான் வந்துச்சுங்க."

"தெரியும். ஜல்தியா சொல்லு, மெஷின் ஓட ஆரம்பிச்சிடும்."

ஒரு ஜோடிச் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. யாருடையது என்று சொல்லமாட்டேன். பிறகு பவுனம்மாள் கேட்டாள்:

"அக்கா, எங்க பேரும் எழுதிட்டாங்களா?"