ஆறுதல் இரைச்சல்

அந்த அம்மாவுக்கு ஃபோன் கம்பெனி அலுவலகத்தில் ‘ரெண்டு கோடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். புகார் சொல்லக் கூப்பிடும்போதெல்லாம் “ஃபோன்ல சிக்னல் ரெண்டு கோடுதாம்மா காட்டுது” என்றே ஆரம்பிப்பார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் பேசினால் தனக்கு நன்றாகக் கேட்கிறதாம். வீட்டுக்காரர் கையில் கொடுத்த உடனே லைன் அறுந்துபோகிறதாம். அவர் இருக்கும் அறைக்கு மட்டும் சிக்னல் எட்டவில்லை என்பது அந்த அம்மாவின் தீர்ப்பு. அதற்காகக் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாயிற்று. பீரோவை நகர்த்தியாயிற்று. மனிதரையே கொஞ்ச நாள் பால்கனியில் குடிவைத்துவிட்டு, அதுவும் பலிக்காமல் மறுபடி அறைக்கே கொண்டுவந்தாயிற்று.

புகார்ப் பிரிவில் இருந்தவர்களுக்கு அரைத்த மாவையே அரைத்து அலுத்துவிட்டது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த பெண் பொறியாளரின் தலையில் அதைக் கட்டினார்கள்.

“மேப் பூரா பச்சையா இருக்கு. டவர்ல ஒரு குறையும் இல்ல. அந்த அம்மாவுக்குப் பொழுது போகல, அவ்வளவுதான்” என்றார் மேலாளர்.

“ஒரு நடை நேர்ல பாத்துட்டு வந்துடறேன் சார்.”

மூன்றாவது மாடி வீடு. கூடத்தில் தையல் மெஷின், அதைச் சுற்றி மலைபோல் பள்ளிச் சீருடைத் துணி. கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்த அந்த அம்மா, “கடைசியில ஒருத்தியாவது வந்தியே!” என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அறைக் கட்டிலில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வணக்கம் சொன்னதற்கு “ம்” என்றார்.

சோதனை ஃபோனைக் கையில் ஏந்தி அவள் சமையலறை, குளியலறை வாசல், அந்த அறை என்று மூலைமுடுக்கெல்லாம் நடந்தாள். அறைச் சுவர் தடிமனாக இருந்ததால் அங்கே சிக்னல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் பேசுவதற்குத் தாராளமாகப் போதும்.

“சிக்னல் நல்லாத்தாம்மா இருக்கு.”

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. “அப்போ நான் பொய் சொல்றேனா?”

“ஐயோ, அப்படிச் சொல்வேனா? பையன் பேசும்போது பாத்தாத்தான் தெரியும். எப்போ கூப்பிடுவாரு?”

“கூப்பிடுற நேரந்தான். உட்காரு.”

காத்திருந்த நேரத்தில் அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். “அவன் வெளிய வேலைக்குப் போனது இவருக்குப் புடிக்கலம்மா. போற அன்னிக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வரல. ஊரார் பிள்ளைங்களையெல்லாம் பத்திரமா கொண்டுபோய் விட்ட மனுஷன், சொந்தப் பிள்ளைய வழியனுப்ப வரல. இவன் மட்டும் லேசுப்பட்டவனா? விடாக்கண்டன் கொடாக்கண்டன். நடுவுல நான் கெடந்து…”

அறைக்குள்ளிருந்து பெரியவர் இருமினார். அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

ஃபோன் அடித்தது. அம்மா பிடித்துக்கொண்டார்: சாப்பிட்டாயா, சளி விட்டதா, கீழ்வீட்டுக்காரி ஏன் பேசுவதில்லை தெரியுமா என்று மூச்சு விடாமல் ஓடியது பேச்சு. லைன் ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. பிறகு, “இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்” என்று அறைக்கு ஓடினார். பொறியாளரும் பின்னாலேயே போனாள்.

பெரியவர் ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார். “ம்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தபடி காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஃபோனை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

“வச்சிட்டான்.”

கோபம் இல்லை அந்தக் குரலில். பழகிப்போன ஒரு நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல் இருந்தது.

“பாத்தியாம்மா? கட்!” என்றார் அம்மா.

அவள் ஃபோனின் திரையைப் பார்த்தாள். நொடிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. வாங்கிக் காதில் வைத்தாள். யாரும் பேசாதபோதும் ஃபோனில் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒன்று இருக்கும். இதில் அதுகூட இல்லை. காதில் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது.

“ஹலோ?”

“யாரு?” எதிர்முனையில் மகன் திடுக்கிட்டான். “அப்பா வச்சிட்டாருன்னு நெனச்சேன்…”

“வைக்கலைங்க. இங்கதான் இருக்காரு. நான் ஃபோன் கம்பெனியிலிருந்து வந்திருக்கேன். நீங்க ஏன் பேசல?”

“அவரு ஏதாவது சொல்வாருன்னு பாத்தேன். எப்பவும் இப்படித்தாங்க. அம்மா குடுத்த ஒடனே சத்தமே இருக்காது. எங்கூடப் பேசப் புடிக்காம வச்சிடறாரு போலன்னு நானும் கட் பண்ணிடுவேன்.”

சின்ன அறை. ஃபோனுக்கு வெளியிலும் அவன் குரல் கேட்டது. போர்வையை மடித்துக்கொண்டிருந்த பெரியவரின் கை நின்றது.

“நானா வச்சேன்?”

அவள் ஃபோனை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து, இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஃபோனை வாங்கி “அப்புறம் கூப்புடுடா” என்று மகனிடம் சொல்லி வைத்த அந்த அம்மா, கையிலிருந்த சீருடைத் துணியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் ‘நானா வச்சேன்’ அவளை விடவில்லை.

ஃபோனில் ஒருவர் பேசாதபோது, அந்த மௌனத்தைச் சுமந்து அனுப்புவது வீண் என்று கருவி அனுப்புவதை நிறுத்திவிடும். ஆனால் காதில் ஒன்றுமே கேட்காவிட்டால் மனிதர்கள் லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவார்கள். அதனால் கேட்பவர் பக்கத்துக் கருவி தானாகவே ஒரு மெல்லிய இரைச்சலை உண்டாக்கிக் காதில் போடும். ‘கம்ஃபர்ட் நாய்ஸ்’, ஆறுதல் இரைச்சல் என்று அதற்குப் பெயர். கல்லூரியில் இரண்டு மார்க் கேள்வியாக எழுதிவிட்டு மறந்துபோன விஷயம். அலுவலகம் போய்த் துருவியதில் பிடிபட்டது: வெளிநாட்டு அழைப்புகளைக் கை மாற்றிவிடும் கருவியைச் சில மாதங்களுக்கு முன் புதிதாக மாற்றியிருந்தார்கள். ‘இப்போது மௌனம், இரைச்சலைப் போடு’ என்ற குறிப்பைப் புதுக் கருவி இரண்டு பக்கமும் கடத்தாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. பெரியவரின் அந்த மெல்லிய ‘ம்’மையும் பேச்சு என்று கருவி மதிக்கவில்லை. வெறும் சந்தடி என்று தள்ளிவிட்டது.

மேலாளர் நம்பவில்லை. “அப்படின்னா எல்லாரும்ல புகார் சொல்லணும்?”

“ஃபோனை வாங்கி வச்சிக்கிட்டு வாயே தொறக்காதவங்க வேற யாரு சார் இருக்காங்க?”

மேலாளர் சிரித்துவிட்டார். ஆனால் ஒரு வீட்டுக்காக அந்தக் கருவியில் கை வைக்க அதன் பொறுப்பாளர்கள் லேசில் சம்மதிக்கவில்லை. அவள் தானே சோதனை அழைப்புகள் போட்டு, பேசாமல் இருந்து, பதிவு செய்து அனுப்பினாள். விடாமல் நச்சரித்தாள். தொல்லை தாங்காமல் ஒருவழியாகச் சரிசெய்தார்கள்.

அடுத்த விடுமுறை கழிவதற்குள் தெரியாத எண்ணிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது.

“ஏம்மா, என்னத்தப் பண்ணித் தொலைச்ச?”

“என்னம்மா, மறுபடியும் கட் ஆகுதா?”

“கட் ஆனாத்தான் தேவலையே! அவன் கூப்பிட்டான், இவர்கிட்ட குடுத்தேன். குடுத்ததுதான். நான் மூணு சட்டைக்குக் காலர் வச்சு முடிச்சுட்டேன், இன்னும் காதுலயே வச்சிருக்காரு. பேச்சும் இல்ல, வைக்கவும் இல்ல. என் ஃபோன் எனக்கில்ல. கீழ்வீட்டுக்காரிகிட்ட போய் கெஞ்சி வாங்கிப் பேசறேன்.”

“ஒண்ணுமே பேசலியா?”

“‘அங்க மழையா’ன்னாரு. அவன் என்ன சொன்னானோ, ‘ம்’னாரு. அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, ‘உங்கம்மா சத்தமா பேசறான்னு ஃபோனைத் தள்ளி வைக்காத, காது கொடுத்துக் கேளு’ன்னாரு.” அந்த அம்மாவின் குரல் அங்கே உடைந்து, பிறகு சிரிப்பானது. “எனக்கு வக்காலத்தாம்! நல்லா இருக்கா கதை?”

“புகாரா எழுதிக்கட்டுமாம்மா?”

“ஐயோ, வேணாம்! எழுதி கிழுதி வைக்காத. அவங்க பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார் அந்த அம்மா. கீழ்வீட்டுக்காரியிடம் ஃபோனைக் கொடுத்தவர், லைன் துண்டாகும் முன்பே அவளிடமும் அந்தக் கதையை முதலிலிருந்து தொடங்கிவிட்டது பொறியாளருக்குக் கேட்டது.