கோடு படுக்க வேண்டும்

திரையில் கோடு குதித்ததும் அண்ணி நாற்காலியில் நிமிர்ந்தாள். நுண்கருவியின் திருகைத் திருகித் திருகி, தலைமுடியைவிட மெல்லிய கார்பன் நார் ஒன்றை ஒரே ஒரு உயிர்ச்செல்லின்மேல் பட்டும் படாமலும் வைத்திருந்தாள். செல் அட்ரினலின் ஹார்மோனைக் கக்கும்போதெல்லாம் நாரில் துளி மின்சாரம் ஓடும், திரையில் கோடு முள்போல் எழும். மாதக்கணக்கில் முள்ளே இல்லை. இன்றோ முள் முள்ளாகக் கிளம்புகிறது!

"வந்துருச்சுடி, வந்து பாரு."

பக்கத்து மேசையிலிருந்து நாத்தனார் வந்தாள். கணவனின் தங்கை, இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம், ஒரே சாப்பாட்டு டப்பா. வாய் மட்டும் இவளுக்குக் கொஞ்சம் நீளம்.

"லிஃப்ட் போனாலும் இப்படித்தான் குதிக்கும் அண்ணி. போன வாரம் உங்க ஃபோன் அடிச்சதுக்கே அட்ரினலின்னு ஊரைக் கூட்டினீங்க."

அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. நாளை காலை பேராசிரியர் இந்தக் கருவியை வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிடுவார். இன்று நிரூபித்தால் உண்டு. இல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

"என்ன பண்ணா நம்புவ?"

"கால்சியம் இல்லாத கரைசலை விடுங்க. கால்சியம் இல்லேன்னா செல் கக்காது. கோடு படுக்கணும். அப்பவும் குதிச்சா வெறும் இரைச்சல்தான்."

அண்ணியின் கை கரைசல் குழாய்வரை போய் நின்றது. கரைசல் மாறும்போது செல் நழுவினால் கதை முடிந்தது. தட்டில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். கிடைக்காமல் கிடைத்த சந்தோஷத்தைத் தன் கையாலேயே நிறுத்தச் சொல்கிறாளே பாவி. ஆனால் அவள் சொல்வது சரி, அதுதான் இன்னும் எரிச்சல்.

குழாயைத் திறந்தாள். கோடு குதித்தது. மறுபடியும் குதித்தது. பிறகு முள் அரிதாகி, ஒன்றே ஒன்று எழுந்து, கோடு நீட்டிப் படுத்துவிட்டது.

அண்ணி மகிழ்ச்சியில் சிரித்துவிட்டாள். அடுத்த கணமே பயம் பிடித்தது. செல் செத்துப்போயிருந்தாலும் கோடு இப்படித்தானே படுக்கும்?

"கால்சியத்தைத் திருப்பி விடட்டுமா அண்ணி?" நாத்தனார் குழாயில் கை வைத்தாள்.

"விடு."

இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். கோடு அசையவில்லை. அசையவே இல்லை. அப்புறம் ஒரு முள். பின்னாலேயே இரண்டு. அதன் பிறகு மழைதான்.

கட்டிப்பிடிக்கப் பாய்ந்த நாத்தனாரை அண்ணி கையைக் காட்டித் தடுத்தாள். "மேசை ஆடிரும்டி."

நாத்தனார் அப்படியே திரும்பி, செருப்பைக்கூட மாட்டாமல் நடைவழியில் ஓடினாள். பேராசிரியர் அறைக்கதவு தடாலென்று திறக்கும் சத்தம் கேட்டது.

"சார், கருவியை யாருக்கும் குடுக்காதீங்க. எங்க அண்ணி அட்ரினலினைப் பிடிச்சிட்டாங்க."