மஞ்சள் குடையின் நாற்பத்திரண்டாவது கிளை

கதை எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பதை முதலிலேயே பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக நகராட்சி அலுவலகங்களில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் பிரிவில் பணிபுரிகிறேன். 'ஜன்னலின் அகலம் போதாது', 'மாடிப்படிக்குக் கைப்பிடி காட்டப்படவில்லை' என்று கோப்பில் குறிப்பு எழுதுவதற்கு அப்பால் என் பேனா சென்றதில்லை. படித்துப் பழகிய வாசகர்கள் என் பிழைகளைப் பொறுத்தருள வேண்டும். நடந்தது எங்கள் தெருவில் பலர் வாயில் பலவிதமாக உலவுகிறது. என் பங்கை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியதால் துணிந்தேன்.

நாங்கள் முன்பு வாழ்ந்த பகுதியில் 'மஞ்சள் குடை' என்றொரு உணவகம் உண்டு. ஒன்றல்ல, நாற்பத்தொரு கிளைகள். எந்தக் கிளைக்குப் போனாலும் சூப் கிண்ணத்தின் மேல் ஒரு சிறு தட்டு மூடியிருக்கும். அந்தத் தட்டில் குறுக்காக வெட்டிய ரொட்டி இருக்கும். சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும். வாடிக்கையாளர் பேருந்தைத் தவறவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருப்பதாகச் சொல்வார்கள். என் மனைவியும் அவளுடைய தங்கையும் சனிக்கிழமைதோறும் இருவர் வீட்டுக்கும் நடுவில் இருந்த கிளையில் சந்திப்பார்கள். வீட்டில் சந்தித்தால் சிறு வயதுச் சண்டைகள் எல்லாம் வெளியே வந்துவிடும். அங்கேயோ, சூப் ஆறுவதற்குள் பேசி முடிக்க வேண்டியிருந்ததால் நல்ல விஷயங்களை மட்டுமே பேசுவார்கள்.

அதன் பக்கத்திலேயே 'ஒன்பது மணிக் கடை'. அதற்கும் ஊருக்கு ஊர் கிளை உண்டு. வீட்டுச் சாமான்கள் விற்கும் கடை. டப்பாவின் மூடி தொலைந்துவிட்டது என்று டப்பாவை எடுத்துப் போனால், சலிக்காமல் தேடி மூடியை மட்டும் தருவார்கள். என் மனைவி அந்தக் கடையைப் பற்றிப் பேசும்போது பிறந்த வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

எனக்குப் பதவி உயர்வுடன் இடமாற்றம் வந்தது. தொலைவில் உள்ள ஊர்.

"அங்க மஞ்சள் குடை இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஒன்பது மணிக் கடை?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதாங்க இருக்கு அந்த ஊர்ல?"

"பதவி உயர்வு இருக்கு."

"அதை சூப்ல போட்டுக் குடிக்க முடியுமா?"

மூன்று நாட்கள் இதே பேச்சு. நான்காம் நாள், இடமாற்றத்துக்குச் சம்மதம் எழுதிக் கொடுக்கும் கடைசி நாள், நான் சொன்னேன்: "மஞ்சள் குடை அங்க கிளை திறக்குதாம். நான் போகப்போற பிரிவுக்கே வரைபடம் வந்திருக்காம்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடிக்கலாம் என்பார்கள். நான் ஒரே பொய்யில் ஒரு குடும்பத்தை இடம் பெயர்த்தேன். மணமாகிப் பதினாறு ஆண்டுகளில் நான் பொய் சொல்லி அவள் கண்டதில்லை. அதனால் அடுத்த நாளே அட்டைப்பெட்டிகள் சேகரிக்கத் தொடங்கிவிட்டாள்.

புது ஊர் மோசமான ஊர் அல்ல. பேருந்துகள் ஏறக்குறைய நேரத்துக்கு ஓடின. எங்கள் இரண்டறைக் குடியிருப்பின் சமையலறையில் காலை வெயில் விழுந்தது. ஆனால் என் மனைவி அங்கே குடியிருக்கவில்லை, காத்திருந்தாள். எந்தத் தெருவில் சாரம் கட்டியிருந்தாலும் நின்றுவிடுவாள்.

"இதுவாங்க?"

"இது வங்கி."

"அப்ப அது?"

"பல் மருத்துவமனை."

"உங்க கோப்பு என்ன, நத்தை முதுகுல ஏறி வருதா?"

நான் சிரித்து வைப்பேன். ஒரு நாள் டப்பா ஒன்றின் மூடி விரிசல் விட்டது. இங்குள்ள கடையில், "மூடி மட்டும் எப்படிம்மா தர்றது? முழு டப்பாவா வாங்கிக்கோங்க" என்றார்கள். அவள் வாங்கவில்லை. ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவைத்தாள். "மஞ்சள் குடை வந்தா பின்னாலயே ஒன்பது மணிக் கடையும் வந்துடும்" என்றாள். சனிக்கிழமைகளில் தங்கையுடன் தொலைபேசியில் பேசினாள். ஆறிப்போவதற்கு நடுவில் எதுவும் இல்லாததாலோ என்னவோ, பேச்சு நீண்டு, பெரும்பாலும் சண்டையில் முடிந்தது.

எங்கள் தெருமுனையில் ஒரு சிறிய உணவுக்கடை இருந்தது. நான்கு மேசை, ஓர் அடுப்பு. நடத்தியவர் ஒரு பெண்மணி. தெருவே அவரை 'மூலைக்கடை அக்கா' என்று அழைத்தது. முதல் நாள் என் மனைவி அங்கே குறை சொல்லாத பொருளே இல்லை.

"காப்பி தண்ணியா இருக்கு. நாற்காலி வேற ஆடுது."

அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "ஆடாத நாற்காலி வேணும்னா வீட்லதான்மா உக்காரணும். காப்பிய நாளைக்குக் கெட்டியா போட்டுத் தர்றேன், வந்து பாரு."

மறுநாள் என் மனைவி போய்ப் பார்த்தாள். அதற்கு மறுநாளும் போனாள். மூன்றாம் மாதத்தில் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கென்றே ஆகிவிட்டது. அதன் காலுக்கடியில் அக்கா ஓர் அட்டைத்துண்டை மடித்து வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டு வேளை முடிந்ததும் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். "வேற வழியில்லாமதான் போறேன்" என்று என்னிடம் மட்டும் சொல்வாள்.

அந்தப் பேச்சுகளில் மஞ்சள் குடையும் வந்திருக்கிறது. ஒரு மாலை நானும் உடனிருந்தபோது, அக்கா மேசையைத் துடைத்தபடியே கேட்டார்:

"சார், இவ ஒன்னு சொன்னா. பெரிய ஓட்டல் வருதாமே? நம்ம பக்கமாவா?"

அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் என் மனைவி ஆவலுடன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் கவலைப்படுத்தக் கூடாது, மனைவிக்கும் ஏமாற்றம் தரக் கூடாது என்று கருதி, தள்ளிப்போடுவதாக நினைத்து, "உடனே இல்லைங்க. ஆறு மாசமாவது ஆகும்" என்றேன்.

அக்கா துடைப்பதை நிறுத்தினார். "ஆறு மாசமா" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, பக்கத்துக் கடைத் தையல்காரர் என்னை மடக்கினார்.

"என்ன சார், ஒத்த வார்த்தைல ஒரு கடையையே காலி பண்ணிட்டீங்க!"

"என்ன சொல்றீங்க?"

"அக்கா மாசக் கடைசியோட மூடுறாங்க. ஆஸ்பத்திரி கேன்டீன்ல சமையல் வேலைக்குச் சொல்லி வெச்சுட்டாங்க. சார் மட்டும் முன்கூட்டியே சொல்லலேன்னா மாட்டியிருப்பேன்னு உங்களை அப்படிப் புகழ்றாங்க. எனக்கும் போட்டியா எவனாவது பெரிய தையல் கடை வைக்கிறானான்னு கோப்பைப் புரட்டிப் பாத்துச் சொல்லுங்க சார். புண்ணியமாப் போகும்."

அவர் சிரித்தார். அன்றே அக்காவிடம் போயிருக்கலாம். போகவில்லை. அக்காவிடம் சொன்னால் மனைவிக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் காலைக் கட்டியது. அலுவலகத்தில் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன், மொழி சரியில்லை என்று கிழித்தேன், மறுபடி எழுதினேன். இப்படி இரண்டு நாட்கள் கழிந்தன. மூன்றாம் நாள் மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் எதிரில் உட்கார்ந்தேன்.

"மஞ்சள் குடை வரல" என்றேன்.

"இன்னும் தள்ளிப்போகுதா?"

"தள்ளிப்போகல. வரவே போறதில்ல. வரைபடம்னு ஒன்னு வந்ததே இல்ல."

"அப்ப வருதுன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவள் கையில் இருந்த சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். தன்னைப் பற்றி ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"செருப்பைப் போடுங்க."

கடையில் கூட்டமில்லை. நான் தொடங்கித் தடுமாறினேன். என் மனைவி உதவிக்கு வரவில்லை. நானே முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை சுவரோரமாக நின்றாள். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டார்.

"முந்தாநேத்து வந்து சொல்லியிருக்கலாமே சார்" என்றார். "நேத்துக் காலைலதான் கட்டடக்காரர் இந்த இடத்தை ஒரு செல்போன் கடைக்காரனுக்கு வாடகைக்கு எழுதிக் கொடுத்தார். இனி கேட்டாலும் குடுக்க மாட்டார்."

"நான் பேசிப் பார்க்கிறேங்க."

"நீங்க பேசினதெல்லாம் போதும்."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "பஸ் ஸ்டாண்ட் பக்கம் முன்னாடி ஒரு கடை வெச்சிருந்தேன். எதிர்ல பெருசா ஒருத்தன் வந்தான். எட்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன், கடைசில பாத்திரத்தைக்கூட வித்துட்டுத்தான் வெளிய வந்தேன். இந்தத் தடவையாவது புத்தியா முன்னாலயே எழுந்திரிச்சுடுவோம்னு நெனச்சேன். வராத கடைக்குப் பயந்து இருக்கிற கடையை மூடினவ உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

"அக்கா, எனக்கு நெசமாவே தெரியாதுக்கா."

"தெரியும், உனக்குத் தெரியாதுன்னு. ரெண்டு பேரும் நம்பினோம். நீ ஆசைல நம்பின, நான் பயத்துல." தட்டுகளை எடுத்தார். "வந்தது வந்தீங்க, உக்காருங்க. சூப் இருக்கு."

எங்களுக்குப் பரிமாறிவிட்டு அவர் பின்பக்கம் போய்விட்டார். என் மனைவி தன் வழக்கமான நாற்காலியில் அமர்ந்து, கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள். என்னால் பாதிக்கு மேல் இயலவில்லை. மறுநாள் கட்டடக்காரரிடம் போனேன். அவர் என்னை உட்கார வைத்து, மிகவும் மரியாதையாக, முடியாது என்றார்.

மாதக் கடைசியில் கடை மூடப்பட்டது. மருத்துவமனை கேன்டீனில் ஊழியர்களுக்கு மட்டுமே சாப்பாடு. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. அக்கா அங்கே அதிகாலையில் போய்விட்டு மாலை களைத்து வருவதாகத் தையல்காரர் சொல்கிறார். அவர் இப்போது என்னிடம் சிரிப்பதில்லை.

இதற்கு மேல் நீட்டி வாசகர்களின் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. இழந்தவற்றை மட்டும் எழுதிவிடுகிறேன். முந்தைய ஊரில் இழந்தது நாற்பத்தொரு கிளைகள் கொண்ட உணவகம் ஒன்று, மூடியைத் தனியாகத் தரும் கடை ஒன்று. என் மனைவிக்கும் அவள் தங்கைக்கும் மாதம் நான்கு சனிக்கிழமைகள். இந்த ஊரில் இழந்தது நான்கு மேசை, ஓர் அடுப்பு உள்ள கடை ஒன்று. அது என்னுடையதல்ல, அக்காவின் ஒன்பது ஆண்டு உழைப்பு. அங்கே மதியத்தில் என் மனைவிக்கு இருந்த பேச்சுத்துணை. தையல்காரரின் கேலி. வீட்டில், என் மனைவி என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம். பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக்கூட இப்போது அவள் நிறுத்தத்துக்குப் போய்த்தான் கேட்டுக்கொள்கிறாள்.