உடுத்துப் பார்த்த சேலை

பொன்னம்பலம் டென்மார்க்கில் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். அந்தத் தூரத்தைச் சேர்த்தால் சந்திரனுக்குப் போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு யாழ்ப்பாணத்துப் புடவைக்கடை ஒன்றின் நாலு படி ஏற அன்றைக்கு ஒரு யுகம் பிடித்தது.

"என்ன அண்ணை, படியை எண்ணுறியளோ?" பின்னால் தங்கை குணலட்சுமி குடையை மடக்கினாள்.

விசயம் இதுதான். குணலட்சுமியின் கணவரை இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். உரும்பிராயில் கட்டிலோடு கிடக்கிறார். பத்து நாளோ இருபது நாளோ. பொன்னம்பலத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். அடுத்த கிழமை அவருடைய நெஞ்சையே பிளந்து தைக்க டென்மார்க்கில் நாள் குறித்தாயிற்று. கணவன் செத்த வீட்டில், ஒருமுறையும் உடுத்தாத புதுச் சேலையைக் கோடியென்று கொண்டுவந்து கொடுக்க வேண்டியவன் கூடப்பிறந்த சகோதரன். அவளுக்கு இருப்பது இவர் ஒருவர்தான். இப்போதே வாங்கி, ஒன்றுவிட்ட தம்பியிடம் ஒளித்துக் கொடுத்துவிட்டுப் போவது அவர் திட்டம். தங்கைக்கு எது பிடிக்குமென்று தெரியாததால், 'உன்ரை அண்ணிக்கு ஒரு சீலை எடுக்கவேணும்' என்று சொல்லி அவளையே கூட்டி வந்திருந்தார். இப்படியொரு மூளை உலகத்தில் வேறெவருக்கும் வராது.

வியாழக்கிழமை மத்தியானம். கடையில் ஒரேயொரு ஈ இருந்தது, அதுவும் நித்திரை.

"வாங்கோ ஐயா, என்ன விசேசத்துக்கு?" விற்க நின்ற பிரதீபா கேட்டாள்.

"சும்மா."

"சும்மாவுக்கும் நல்ல சீலை இருக்கு ஐயா."

அவள் விரித்த சேலைகளை ஒன்றோடொன்று முடிந்து விட்டிருந்தால் பருத்தித்துறையிலிருந்து கொழும்பு வரை போயிருக்கும். பொன்னம்பலம் கரையில்லாத சாம்பல் நிறச் சேலை ஒன்றைத் தொட்டார்.

"உதை எடுப்பமோ?"

குணலட்சுமி சேலையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"அண்ணி சீலை உடுத்து நான் ஒரு படத்திலையும் கண்டதில்லை." மடக்கிய குடையைக் கீழே வைத்தாள். "அண்ணை, உது எனக்குத்தானே?"

பொன்னம்பலம் ஈயைத் தேடினார்.

அவள் அடுக்கிலிருந்து மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை போட்ட ஒன்றை இழுத்தாள். "இதை எடுங்கோ. அவருக்கு இந்த நிறத்திலை விருப்பம். இண்டைக்குப் பின்னேரமே உடுக்கப்போறன்."

"உடுத்தால் பிறகு..."

"ஓம். பிறகு அது கோடியில்லை. உங்கடை கையாலை அதை நான் வாங்கமாட்டன் அண்ணை. அண்டைக்கு ஆரேன் ஒண்டைக் கொண்டு வரட்டும். நீங்கள் தந்தது, அந்த மனிசன் உயிரோடை இருக்கேக்கை நான் உடுத்ததாய் இருக்கட்டும்."

"சனம் கதைக்குமடி."

"சனத்துக்கு வேறை என்ன வேலை? காசைக் குடுங்கோ."

பிரதீபா சாம்பல் சேலையைச் சத்தமில்லாமல் மடித்து அப்பால் வைத்தாள்.

பின்னேரம் குணலட்சுமி அதை உடுத்துக்கொண்டு கட்டிலடியில் போய் நின்றாள். மனிதர் கண்ணைத் திறக்க ஆயிரம் வருஷம் எடுத்தார்.

"ஆரின்ரை கலியாணம்?"

"அண்ணை எடுத்துத் தந்தவர். எப்பிடி இருக்கு?"

"ஒருக்காத் திரும்பு."

திரும்பினாள். புதுச் சேலை மொடமொடத்தது. அவருக்கு அதற்குமேல் பேச மூச்சு வரவில்லை. விரலால் இன்னொரு சுற்று என்று காட்டினார். வாசலில் நின்ற பொன்னம்பலம் கடைப் பையை நாலாய் மடித்தார், எட்டாய் மடித்தார், இனி மடிக்க இடமில்லாமல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னம்பலம் விமான நிலையம் போக வாகனத்தில் ஏறும்போதும் அவள் அதே சேலையில்தான் வாசல் படலையில் நின்றாள். மூன்று நாளாய் உடுத்துக் கசங்கி, கரையில் அவருக்குப் பருக்கிய கஞ்சி சிந்திக் காய்ந்து, அது மருந்து மணத்தது.