பதினோராம் கண்ணாடியில் ஒரு கறை

எங்கள் வேலை கண்ணாடி துடைப்பது. விண்மீனைச் சுற்றி நாற்பது கண்ணாடிகள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் விளையாட்டுத் திடல் அளவு. அதன் ஒளியை வாங்கிக் கோள்களுக்கும் கப்பல்களுக்கும் அனுப்புகின்றன. தூசி படிந்தால் எங்கோ ஒரு வீட்டில் விளக்கு மங்கும். பதினோராம் கண்ணாடி சின்னக் கோளுக்கு. அங்கேதான் அக்கா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

போன வருடம் ஓர் உல்லாசக் கப்பல் வேகமெடுப்பதற்காகப் பதினொன்றை ஆறு மணி நேரம் அதன் பக்கம் திருப்பினார்கள். சின்னக் கோளில் குழாய்கள் உறைந்து வெடித்தன. அக்காவின் இடது கையில் இரண்டு விரல்கள் குளிரில் கறுத்துப்போக, வெட்டி எடுத்தார்கள். "உன் மாமாவை விரல் நீட்டித் திட்ட இனிமே ஒரு கைதான் மிச்சம்" என்று எழுதியிருந்தாள். இப்போது அவளுக்கு நாற்பது நாள் குழந்தை இருக்கிறது. நான் பார்த்ததில்லை. மை தடவி ஒற்றிய பாதங்கள் மட்டும் கடிதத்தோடு வந்தன.

எங்கள் மேற்பார்வையாளரைக் கடிகாரம் என்போம். யார் முகத்தையும் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்த்தே பேசுவார். அன்று காலை உடை மாற்றும் அறைக்கு வந்தார்.

"பத்து மணிக்குப் பதினொன்னு திரும்புது. அதே கப்பல்தான். விருந்துக்கு நேரமாயிடுச்சாம்."

"சின்னக் கோள்ல இருக்கறவங்க?" என்று சித்தி கேட்டாள். தகட்டுப் பலகை அவள் பொறுப்பு.

"ஆறு மணி நேரம்தானேம்மா. இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுக்கட்டும்."

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஊமைக்கொட்டான் என்றுதான் இங்கே கூப்பிடுவார்கள்.

பலகையில் ஆளுக்கொரு தகரத் தகடு தொங்கும். வெளியே போகிறவள் தன் தகட்டைக் கண்ணாடியின் பின்புறப் பூட்டில் செருகிவிட்டுத்தான் ஏறுவாள். அது அங்கே இருக்கும்வரை கண்ணாடி திரும்பாது. போட்டவளைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. சித்தப்பா மேலே துடைத்துக்கொண்டிருந்தபோது பதினொன்று திரும்பி, அவர் செத்த பிறகு வந்த பூட்டு அது. அதன்பின் சித்தி வெளியே போனதே இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு என் தகட்டை எடுத்தேன். சித்தி பார்க்காத மாதிரி கயிறு சுருட்டினாள்.

பத்து மணிக்குக் காதில் கடிகாரத்தின் குரல் கேட்டது.

"ஏம்மா, அங்க என்ன பண்றே?"

"துடைக்கறேன் சார்."

"நேத்துதானே துடைச்சீங்க? பளபளன்னு இருக்கு."

"ஓரத்துல ஒரு கறை சார்."

"எப்பப் போகும்?"

"கப்பல் போனதும் போயிடும் சார்."

வேலை போகும், வீடு போகும் என்றார். கடைசியில் குரல் இறங்கியது. "உன் உடுப்புல காத்து நாலு மணி நேரத்துக்குத்தான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியல சார்."

உண்மையிலேயே தெரியவில்லை. கப்பல் எவ்வளவு நேரம் நிற்குமோ, என் காற்று நாலு மணி நேரத்தில் தீரும். விண்மீன் முதுகில் காய, துடைத்த இடத்தையே துடைத்தேன். தொலைவில் கப்பல் பொட்டாக நின்றது.

மணிக்கட்டில் காற்று தீர்வதைச் சொல்லும் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியபோது கயிறு ஆடியது. யாரோ கம்பியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்தபடி, படிக்குப் படி நின்று ஏறி வந்தார்கள். மூச்சு இரைப்பது காதில் கேட்டது. சித்தி.

"எங்கடி அந்தக் கறை?"

"இதோ சித்தி."

"அடியம்மா, இவ்வளவு பெரிசா. இது ஒருத்தி வேலை இல்ல."

"நீங்களுமாம்மா?" என்றார் கடிகாரம்.

"என் தகடு பூட்டுல இருக்கு சார். நீங்களே வந்து பிடுங்குங்க. எங்க வீட்டுக்காரர் நின்ன இடத்துலதான் நானும் நிக்கறேன்."

சித்தி துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

கீழே இறங்கி, பூட்டிலிருந்து என் தகட்டை உருவிக்கொண்டு திரும்பினேன். வாசலில் ஆறு பேர் உடுப்பு மாட்டி, கையில் தகட்டோடு வரிசையாக நின்றார்கள். கடிகாரம் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உன்னை வேலையை விட்டு எடுத்தாச்சு. தகட்டைக் குடு."

"தர மாட்டேன் சார்."

காற்று உருளையை நிரப்பிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றேன். அடுத்தவள் ஏறுவதற்குள் கப்பல் அலுத்துப்போய், தன் சொந்த இயந்திரத்தில் மெல்ல நகர்ந்தது.

"கப்பல் போயாச்சும்மா, இறங்குங்க" என்றார் கடிகாரம்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள் சித்தி.