பிள்ளை எவ்வளவு சாப்பிடும்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. வாரப் பத்திரிகைக்காரர் ஒருவர் என்னிடம் கட்டுரைதான் கேட்டார். தாயும் தகப்பனும் பிரிந்து வாழ்ந்தால் பிள்ளைக்கான ஜீவனாம்சத்தைக் கோர்ட்டில் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று வாசகிகள் கேட்கிறார்களாம். எளிமையாக எழுதுங்கள் என்றார். திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த ஒரே சட்டப் புள்ளி வக்கீல் குமாஸ்தா நல்லுசாமி. அவரைத் தேடிப் போனேன். அவர் சட்டத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்த அன்னாள் என்பவளின் வழக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கட்டுரை அத்தோடு கெட்டது.

2

கட்டுரைக்கென்று எழுதிய பாகத்தை வீணாக்க மனமில்லை. படித்துவிடுங்கள்.

தகப்பனுக்கு வருமானம் என்ன, பிள்ளைக்குத் தேவை என்ன என்று மாஜிஸ்திரேட் விசாரிப்பார். பிறகு தமக்கு நியாயமாகப் படுகிற ஒரு தொகையை மாதாமாதம் கட்டச் சொல்வார். இன்ன வருமானத்துக்கு இன்ன தொகை என்று வாய்ப்பாடு எதுவும் கிடையாது. ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது.* எதற்குக் கீழே போகக்கூடாது என்று இல்லை.

(* ஐம்பத்தைந்துக்கு முன்னால் இது நூறாக இருந்தது. கவலைப்படாதீர்கள், நம் கதையில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கப் போவதில்லை.)

3

இனி கதை. முதல் தொடக்கம்:

"1957ஆம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், கோர்ட்டு வாசலில் இளந்தாய் ஒருத்தி" – வேண்டாம். மழையில் தாயை நிறுத்தினால் நீங்கள் இப்போதே அழ ஆரம்பித்துவிடுவீர்கள்.

இரண்டாவது: "அருளப்பன் காய்கறி மண்டியில் தராசு பிடிக்கிறவன்." இதுவும் வேண்டாம். ஊருக்கெல்லாம் எடை போடுகிறவனுக்குத் தன் பிள்ளையின் எடை தெரியவில்லை என்று எழுதிக் கைதட்டல் வாங்கப் பார்த்தேன். நல்லுசாமி சொன்னபடி அவனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு எடுக்க வேண்டும். வாரக்கூலி. அப்படியே இருக்கட்டும்.

அன்னாள் அவன் மனைவி. மூன்று வயது மகள் மரியபுஷ்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டவள். ஏன் பிரிந்தார்கள் என்று கேட்காதீர்கள். கோபத்தில் போனவள் திரும்பவில்லை, கூப்பிட வேண்டியவன் கூப்பிடவில்லை. இதற்கு மேல் நல்லுசாமிக்கும் தெரியாது. தனக்கென்று எதுவும் வேண்டாம், பிள்ளைக்குச் சோறு போட்டால் போதும் என்று அன்னாள் மனுப் போட்டாள். நல்லுசாமி வேலை பார்த்த வக்கீல்தான் அவளுக்கு வக்கீல். பிள்ளைக்கு மாதம் இருபது ரூபாய் என்று மனுவில் கேட்டிருந்தார்.

4

நல்லுசாமி அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். கூண்டில் எப்படி நிற்பது, அருளப்பனின் கூலியைக் கேட்டால் என்ன சொல்வது, எதிர்க்கட்சி வக்கீல் அதட்டினால் எங்கே பார்ப்பது. அவளும் தடுமாறாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு மாஜிஸ்திரேட், எழுதுகிற தாளிலிருந்து தலையைத் தூக்காமலே ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை எவ்வளவு சாப்பிடும்?

அன்னாள் சுற்றிலும் பார்த்தாள். பெஞ்சு நிறைய ஆட்கள், கதவோரமும் ஆட்கள். அத்தனை பேர் கண்ணும் அவள் இடுப்பில் இருந்த பிள்ளை மேல் இருந்தது.

"அது எங்க திங்குது எசமான்? ரெண்டு வாய் வாங்குனா மூஞ்சியத் திருப்பிக்கிரும். குருவி கொத்துற மாதிரித்தான்."

உங்களில் பிள்ளை பெற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாலு பேர் நடுவில் என் பிள்ளை வயிறாரச் சாப்பிடும் என்று எந்தத் தாய் வாய் திறப்பாள்? கண் பட்டுவிடாதா? மாஜிஸ்திரேட்டின் மனைவியும் விருந்தாளிகளிடம் இதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அது சாட்சியம். குறித்துக்கொண்டார். குழந்தை குறைவாகவே உண்பதாகத் தாயே ஒப்புக்கொண்டிருப்பதால் மாதம் எட்டு ரூபாய் என்று உத்தரவு ஆனது.

(நல்லுசாமிக்கு இன்னும் ஆறவில்லை. அம்புட்டும் சொல்லிக் கொடுத்தேன், இதை மட்டும் விட்டுவிட்டேனே என்று என்னிடமே மூன்று தடவை சொன்னார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு.)

5

எனக்குப் பிடிபடாத ஆள் அருளப்பன். அவனும் அங்கேதான் நின்றான். அவள் சொன்னது வெறும் வாய்வார்த்தை என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பணம் மிச்சமாகட்டும் என்று இருந்துவிட்டான் என நினைத்து, அவனைத் திட்டி அரைப் பக்கம் எழுதினேன். நல்லுசாமியும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருக்கிறார். வராந்தாவில் அவனை நிறுத்தி, பெற்ற தகப்பன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவன் சொன்னது:

"நான் எப்புடிண்ணே சொல்லுவேன்? பெத்தவன் கண்ணுதான மொதல்ல படும்."

அரைப் பக்கத்தையும் அடித்துவிட்டேன். ஆனாலும் அவனை நல்லவனாக்க எனக்குக் கை வரவில்லை. எட்டு ரூபாய் கட்டச் சொன்ன கோர்ட்டு, அதற்கு மேல் ஒரு படி அரிசி வாங்கிக் கொடுக்காதே என்று தடுக்கவில்லை. அவன் எட்டு ரூபாய்தான் கட்டினான்.

6

முடிவுகள்.

முதலாவதில் அருளப்பன் கையைத் தூக்கி, எம் மக நல்லாச் சாப்பிடும் எசமான் என்கிறான். தொகை இருபதாகிறது. அன்னாள் கோர்ட்டு வாசலிலேயே மண்ணை வாரி அவனைத் தூற்றுகிறாள். எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை.

இரண்டாவது நிஜமாகவே நடந்தது. நிலைமை மாறினால் தொகையைக் கூட்டித் தரச் சொல்லி மறுபடியும் கேட்கலாம், சட்டத்தில் வழி இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து நல்லுசாமி இதைச் சொல்வதற்கென்றே ஆத்தூருக்குப் போனார். அன்னாள் கத்தரித் தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு தாயி என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கூடக் காசு வேணும்னா, கூண்டுல ஏறி நின்னு எம் புள்ளைய நானே கண்ணு வைக்கணுமாண்ணே?"

பிள்ளை வரப்பில் உட்கார்ந்திருந்தது. கையும் காலும் குச்சியாக இருந்தன. அண்ணன் வீட்டில் ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். அன்றைக்குக் கூண்டில் சொன்ன பொய்யை எட்டு ரூபாய் மெள்ள மெள்ள மெய்யாக்கியிருந்தது. இதைச் சொல்லிவிட்டு நல்லுசாமி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

7

மூன்றாவது முடிவு என் கையில் இருக்கிறது. எழுதுகிறவன் நான்தானே. மனு வேண்டாம், மாஜிஸ்திரேட் வேண்டாம், ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆத்தூரில் அந்த வீட்டில், ஒரு மத்தியானம், இலை போட்டுச் சூடாகச் சோறும் வெஞ்சனமும் வைத்து மரியபுஷ்பத்தை உட்கார வைத்தேன். அவள் சோற்றில் கை வைத்தாள். பிறகு அவள்

பேனா நின்றுவிட்டது. கண்ணேறு என்பதெல்லாம் சும்மா என்று சொல்லித் திரிகிறவன் நான். ஆனால் அந்தப் பெஞ்சுகளில் இருந்தவர்கள் முப்பது பேர். இந்தப் பத்திரிகையை எத்தனை ஆயிரம் பேர் படிப்பீர்கள்? அவ்வளவு கண்ணுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது என்று என்னால் எழுத முடியவில்லை. இதுவரை சொன்னதே அதிகம்.

மீதியை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். கையை இறுக்காமல் அள்ளி வையுங்கள், மனசுக்குள்ளேயே. வைத்த கையோடு பக்கத்தை மூடிவிடுங்கள். பிள்ளை சாப்பிடும்போது யாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.